சொல்லும் சார்பும்: பி.ஆர். ராஜமையர் வாழ்வும் புதினவழிச் சொற்பேறும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் உரைநடைப் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பி.ஆர். ராஜமையரின் (1872-1898) வாழ்க்கையைச் சொற்கற்றல் என்னும் நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது. சொல்லையும் பொருளையும் இணைத்து மனனம் செய்யும் நிகண்டுக் கல்வி மெல்ல ஒதுங்கி, வாக்கியச் சூழலில் பொருளை உணரும் புதின வாசிப்பு தலையெடுத்த காலத்தில் அவர் வாழ்ந்தார். கமலாம்பாள் சரித்திரம் அம்மாற்றத்திற்குக் கருவியாகவும் சான்றாகவும் நிற்கிறது. அதன் தலைப்பிலுள்ள அபவாதம் என்னும் சொல், கதை முழுவதையும் தன் சார்பாகக் கொண்டு இருபொருள் பெறுகிறது என்பதும், அவ்விரு பொருளும் ஆசிரியரின் வாழ்க்கையோடு ஒட்டியவை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ராஜமையர், கமலாம்பாள் சரித்திரம், வத்தலக்குண்டு, நிகண்டு, சார்பு, அபவாதம், சொற்கற்றல்

முன்னுரை

ஒரு மொழியில் புதிய சொல்லை அறிந்துகொள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகராதியிலோ நிகண்டிலோ சொல்லுக்கு நேரே எழுதப்பட்ட பொருளைப் படித்து நினைவில் இருத்துதல். மற்றொன்று, அச்சொல் வழங்கும் வாக்கியத்தையும் அதன் முன்பின் நிகழ்வனவற்றையும் கொண்டு பொருளைத் தாமே உய்த்துணர்தல். முதல் வழியில் சொல் தனித்து நிற்கிறது. இரண்டாம் வழியில் அது மனிதர்களோடும் செயல்களோடும் சேர்ந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கல்வியுலகம் முதல் வழியிலிருந்து இரண்டாம் வழிக்குத் திரும்பத் தொடங்கியது. அத்திருப்பத்தில் மாத இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

ராஜமையரின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் இருவகையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரைத் தொடக்ககாலப் புதினப் படைப்பாளராகக் காண்பர். வேதாந்த அன்பர்கள் அவரை இளமையிலேயே மறைந்த ஞானியாகப் போற்றுவர். இவ்விரு ராஜமையரையும் இணைக்கும் இழை சொல்லின் மீது அவர் கொண்டிருந்த கவனமாகும். அக்கவனத்தின் வழி நின்று அவர் வாழ்வை நோக்குவது பயனுடையது.

பிறப்பும் ஊரும்

ராஜமையர் 1872ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது அதன் எல்லைக்குள் வந்தது. கோடைக்கானல் மலையின் அடிவாரச் சமவெளியில், மஞ்சளாற்றுப் பாசனத்தை ஒட்டி அமைந்த ஊர் அது. வெற்றிலைக்குண்டு என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்னும் கருத்து ஊர்வழக்கில் உண்டு. ஆங்கில ஆவணங்கள் அதனைப் பத்லகுண்டு என்று எழுதின. ராஜமையர் பெயரின் முதலெழுத்தாகிய பி என்பதும் அவ்வாறு வந்ததே. ஒரே ஊர்ப்பெயர், வழங்குவோர் நாவுக்கும் எழுதுவோர் கைக்கும் ஏற்ப வேறுவேறு வடிவம் கொண்டு நின்றதை அவர் தம் பெயரிலேயே சுமந்திருந்தார்.

அவ்வூரின் பேச்சு ஒருதன்மைத்து அன்று. அக்கிரகாரத்து வீட்டு வழக்கு, உழவர் வழக்கு, மலையிலிருந்து இறங்கிவரும் வணிகத்தோடு கலந்த வழக்கு, கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் குடிகளின் தமிழ் வழக்கு எனப் பல வழக்குகள் திண்டுக்கல் சமவெளியில் அருகருகே வாழ்ந்தன. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டுப் பழகியே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைக்குச் சார்பு நோக்கிப் பொருள்கொள்ளும் பயிற்சி பள்ளிக்கு வெளியிலேயே கிடைத்துவிடுகிறது. பின்னாளில் அவர் படைத்த சிறுகுளம் என்னும் கற்பனைச் சிற்றூரில் இப்பல குரல்களும் ஒலிக்கின்றன.

நிகண்டு வழியும் சார்பு வழியும்

ராஜமையரின் தொடக்கக் கல்வி சொந்த ஊரிலும் அதன்பின் மதுரையிலும் அமைந்தது. அக்காலத் தமிழ்க் கல்வியில் நிகண்டு மனனம் இன்றியமையாத இடம் பெற்றிருந்தது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தத்தால் அமைந்தமையின் பாடம் பண்ணுவதற்கு எளிதாயிருந்தது. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட அந்நூலில் ஒருசொற் பல்பொருளைக் கூறும் பதினோராம் தொகுதி தனியே அச்சிடப்பட்டும் பயிலப்பட்டது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை மாணவர் மூச்சுவிடாமல் அடுக்கிச் சொல்வது கல்வியின் அடையாளமாகக் கருதப்பட்டது.

இம்முறையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. அச்சு நூல் அரிதாயிருந்த காலத்தில் ஒரு முழு மொழியின் சொல்வளத்தை மனத்தில் சுமந்து செல்ல அது வழிசெய்தது. ஆயினும் ஒரு சொல்லுக்குரிய பத்துப் பொருளுள் எப்பொருள் எவ்விடத்துக்கு உரியது என்பதை நிகண்டு கூறுவதில்லை. அதற்கு விடை தொல்காப்பியத்தில் உள்ளது. பலபொருள் ஒருசொல்லை ஆராயும் தொல்காப்பியர், அதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும் என்கிறார். மா என்னும் சொல் பூத்தலாகிய வினையோடு வரும்போது மரத்தையும், ஓடுதலாகிய வினையோடு வரும்போது விலங்கையும் குறிப்பதை உரையாசிரியர்கள் காட்டுவர். உரியியலின் இறுதிப் பகுதியிலும், உரிச்சொல்லின் பொருளை முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி உணர்த்துமாறு தொல்காப்பியர் வகுக்கிறார். எனவே சூழலால் சொற்பொருள் உணர்தல் மேலைக் கல்வியோடு வந்த புதுமை அன்று. தமிழ் இலக்கண மரபின் அடித்தளத்திலேயே அது உள்ளது. பயிற்றுமுறையில் மட்டும் அது பின்தள்ளப்பட்டிருந்தது.

வடமொழி நியாய மரபினரும் சொல்லின் ஆற்றலை அறியும் வழிகள் எட்டு என்பர். இலக்கணமும் கோசமும் அவற்றுள் இரண்டே. உலக வழக்கு, வாக்கியத்தின் எஞ்சிய பகுதி, பொருள் தெரிந்த சொல்லின் அண்மை முதலியன ஏனையவற்றுள் அடங்கும். வேதாந்தம் பயின்ற ராஜமையர் இரு மரபுகளின் நடுவில் நின்றவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சென்னைக் கல்வி

மேற்படிப்பிற்காகச் சென்னை சென்ற ராஜமையர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் சட்டம் பயின்றாரெனினும் அதைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. ஆங்கில இலக்கியமும் கம்பரும் தாயுமானவரும் அவரை ஈர்த்தனர். அவரை ஒத்த வயதினரான அ. மாதவையரும் அதே கல்லூரியின் மாணவரே. இருவரும் 1872இல் பிறந்து, ஒரே கல்லூரியில் பயின்று, ஒரே இதழில் எழுதத் தொடங்கியமை தமிழ்ப் புதின வரலாற்றின் குறிப்பிடத்தக்க ஒற்றுமைகளுள் ஒன்று.

ஆங்கிலக் கல்வி பெற்ற அத்தலைமுறையினர் பல்லாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பேச்சு வழக்கில் கேட்டு அறிந்தவர்கள் அல்லர். கதைகளிலும் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டே அவற்றை உரிமையாக்கிக் கொண்டனர். தமிழை மனனத்தால் கற்று, ஆங்கிலத்தை வாசிப்பால் கற்ற இவ்விரட்டை அனுபவம் அவர்களுள் சிலரிடம் ஒரு வினாவை எழுப்பியது. தமிழிலும் அவ்வாறு வாசித்துச் சொல் அறிவதற்கு உரிய உரைநடை எங்கே என்பதே அது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்து இதற்குத் தொடக்க விடை அளித்திருந்தது. அடுத்த தலைமுறையின் விடை இதழ்களின் வழியே வந்தது.

அதே ஆண்டுகளில் பழந்தமிழ் நூல்களும் அச்சேறி வந்தன. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். வழக்கிழந்த சொற்களுக்குப் பொருள் காண அவர் மேற்கொண்ட வழிகளுள் முதன்மையானது, அச்சொல் பயின்ற பிற இடங்களைத் தேடித் தொகுத்து ஒப்பிடுதல். ஒருபுறம் பதிப்பாசிரியர் பழஞ்சொல்லை அதன் சார்பால் மீட்டுக்கொண்டிருந்தார். மறுபுறம் புதினக்காரர் வாழுஞ்சொல்லை அதன் சார்போடு பதிந்துகொண்டிருந்தார். புறநானூற்றின் முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டில் கமலாம்பாள் சரித்திரம் தொடராக நடந்துகொண்டிருந்தது.

தொடர்கதையும் வாசகரும்

சி.வி. சுவாமிநாதையர் 1892இல் தொடங்கிய விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில் ராஜமையரின் தமிழ் எழுத்துக்கள் வெளிவந்தன. கம்பரின் சீதையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, பாத்திரத்தின் உள்ளத்தை நுணுகி நோக்கும் அவரது திறனைப் புலப்படுத்தியது. 1893 பிப்ரவரியிலிருந்து 1895 ஜனவரி வரை கமலாம்பாள் சரித்திரம் அவ்விதழில் தொடராக வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. 1896இல் அது நூலாயிற்று. ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம் என்பது அதன் முழுப்பெயர்.

அக்கால வாசகர் இத்தலைப்பிலேயே இரு புதுமைகளை எதிர்கொண்டனர். சரித்திரம் என்பது நடந்த வரலாற்றைக் குறிக்கும் சொல்லாக வழங்கியது. புனைந்து எழுதிய உரைநடைக் கதைக்கு அது பெயராயிற்று என்பதை எந்த நிகண்டும் வாசகருக்குச் சொல்லவில்லை. கதையைப் படித்தே அவர்கள் அப்பொருளை அறிந்தனர். நாவல் என்னும் சொல்லும் அவ்வாறே. மரத்தையும் கனியையும் குறித்த தமிழ்ச் சொல்லோடு ஒலியால் ஒன்றுபட்டு நின்ற இவ்வேற்றுமொழிச் சொல்லைச் சார்பால் மட்டுமே பிரித்துணர முடியும். பின்னர் எழுந்த புதினம் என்னும் சொல் இன்றும் இலங்கைத் தமிழ் வழக்கில் செய்தியைக் குறிக்கிறது. ஓர் இலக்கிய வகையின் பெயரே வாசகரின் சார்புணர்வை நம்பித்தான் நிலைபெற்றது.

மாத இதழில் தொடராக வெளிவந்தமை சொற்கற்றலுக்குத் துணைசெய்தது. ஒரு திங்களில் அறியாதிருந்த சொல் அடுத்த திங்களில் வேறொரு நிகழ்ச்சியில் மீண்டும் வரும். இடைப்பட்ட நாட்களில் கதைமாந்தர் வாசகர் நினைவில் இருப்பதால் அவர்தம் சொற்களும் உடன் இருக்கும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க வீட்டார் பலர் கேட்கும் வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தமையால், எழுத்தறியாதாரும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பொருள் உணர்ந்தனர்.

இவ்வாறு புதினம் வாசித்துச் சொல் அறிதல் நிகழக்கூடியதே என்பதை இருபதாம் நூற்றாண்டின் கல்வி ஆய்வுகள் காட்டின. ஆண்டனி பர்ஜஸ் 1962இல் வெளியிட்ட ஏ க்ளாக்வொர்க் ஆரஞ்ச் என்னும் ஆங்கிலப் புதினத்தில் ருஷ்ய மொழியை அடியொற்றிப் புனைந்த பல சொற்கள் கலந்துள்ளன. சரகி, நேஷன், மெய்ஸ்டர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், சொற்றேர்வு நடக்கும் என்று முன்னறிவிக்காமல் அப்புதினத்தைச் சிலரைப் படிக்கச் செய்து பின்னர்ச் சோதித்தனர். சோதிக்கப்பட்ட சொற்களுள் சராசரியாக முக்கால் பங்கிற்குப் படித்தோர் சரியான பொருளைத் தெரிவு செய்தனர். நேகி முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, ஒருமுறை மட்டும் எதிர்கொள்ளும் சொல்லிலிருந்து கிடைக்கும் அறிவு சிறிதே என்றும், மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள அது திரள்கிறது என்றும் உணர்த்தியது. முன்னும் பின்னும் நாடுக என்னும் தொல்காப்பிய நெறியை நவீன ஆய்வு வேறு மொழியில் உறுதிசெய்கிறது எனலாம்.

அம்மையப்ப பிள்ளையும் வம்பர் மகாசபையும்

கமலாம்பாள் சரித்திரத்தில் சொல்லை அணுகும் இருவழிகளும் பாத்திர வடிவில் காணப்படுகின்றன. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை தமிழாசிரியர். செய்யுட்களும் சொற்களும் அவர் நினைவில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் கேட்போர் யார், நேரம் எது, நிகழ்வது என்ன என்பதை நோக்காமல் அவை வெளிப்படுகின்றன. அவர் தோன்றும் இடங்களில் எழும் நகைச்சுவை, சொல் மிகுந்து சார்பு குறைந்தமையால் விளைவது. அவரைப் படைத்தவர் வெறுப்போடு படைக்கவில்லை. அம்மையப்ப பிள்ளை வெகுளி, நல்லவர், தம் தமிழில் உண்மையாகவே மகிழ்பவர். ஒரு கல்விமுறை விடைபெறும் வேளையில் அதன்மேல் ஓர் இளைஞர் செலுத்திய அன்பும் நகையும் கலந்த பார்வை அது.

அவருக்கு எதிர்முனையில் நிற்பது சிறுகுளத்துப் பெண்களின் வம்பர் மகாசபை. இத்தொடரே சார்பால் பொருள்படுவது. மகாசபை என்றால் அக்காலத்தில் பெருமைக்குரிய பேரவை. 1887இல் இந்திய தேசிய காங்கிரஸ் சென்னையில் கூடியபின் அச்சொல்லின் மதிப்பு உயர்ந்திருந்தது. அதனோடு வம்பரைச் சேர்த்து, ஊர்க்கதை பேசும் கூட்டத்திற்குப் பெயரிட்டார் ராஜமையர். நிகண்டில் வம்பு என்பதற்குப் புதுமை, மணம், கச்சு எனப் பல பொருள் உண்டு. அவற்றுள் எதுவும் இவ்விடத்திற்குப் பொருந்தாது. நாவால் ஊரையே ஆட்டிவைக்கும் அப்பெண்களின் பேச்சைக் கேட்டவுடன் வாசகருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. அச்சபையினர் நூல் கற்றவர் அல்லர். எனினும் எச்சொல்லை எவர்முன் எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னால் எங்குச் சென்று தைக்கும் என்பதை நன்கறிந்தவர்கள். சொல்லின் சார்பு அவர்களுக்கு ஆயுதம்.

சார்பு அறியாத பண்டிதரிடம் சொல் பயனற்றுப் போகிறது. சார்பு அறிந்த வம்பரிடம் அது பழியாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே சொல்லை நல்வழியில் ஆள்வது எங்ஙனம் என்பதே இக்கதை எழுப்பும் வினா.

அபவாதம் என்னும் சொல்

சிறுகுளத்துச் செல்வர் முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் கதையின் முதன்மை மாந்தர். தம்பி குடும்பத்தோடு பிளவு, மகனை இழத்தல், செல்வம் அழிதல் என இடர்கள் அடுத்தடுத்து வருகின்றன. முடிவில் கமலாம்பாளின் கற்பின்மேல் ஒரு பொய்ப்பழி பரவுகிறது. அதை நம்பிய முத்துஸ்வாமி ஐயர் மனம் உடைந்து இல்லம் துறக்கிறார். ஞானாசிரியர் ஒருவரின் அருளால் அமைதி பெறுகிறார். பழி பொய்யென்பது தெளிந்து, பிரிந்தோர் கூடுகின்றனர்.

அபவாதம் என்பதற்கு அகராதி தரும் பொருள் வீண்பழி, நிந்தை. இன்றைய வாசகருள் பலர் அச்சொல்லை அறியாமலே நூலைத் திறக்கக்கூடும். மூடும்போது அவர்களுக்கு அகராதி தேவைப்படுவதில்லை. யாரோ ஒருவர் வாயில் பிறந்து, பலர் வாயில் வளர்ந்து, ஒரு வீட்டின் வாயிலை அடைந்து, நீண்டநாள் இணைந்து வாழ்ந்த இருவரைப் பிரிக்கும் ஒன்று எதுவோ, அதுவே அபவாதம் என்று அவர்கள் அறிந்திருப்பர். நிகண்டு ஒரு சீரில் தரும் பொருளைப் புதினம் முழுக்கதையால் தருகிறது. இங்கே சார்பு வாக்கியம் ஒன்று அன்று. நூல் முழுவதுமே அச்சொல்லுக்குச் சார்பாகிறது.

அபவாதத்திற்கு மற்றொரு பொருளும் உண்டு. வேதாந்தத்தில் அத்தியாரோபமும் அபவாதமும் இணையாக வருபவை. இல்லாத ஒன்றை உள்ளதன்மேல் ஏற்றிக் காண்பது அத்தியாரோபம். கயிற்றின்மேல் பாம்பை ஏற்றிக் காண்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. விளக்கின் ஒளியில் அது பாம்பன்று என்று விலக்கிக் கயிற்றைக் கயிறாகவே காண்பது அபவாதம். தமிழில் கைவல்லிய நவநீதம் போன்ற நூல்கள் இவ்விணையை விளக்குகின்றன. வேதாந்தக் கல்வியில் தோய்ந்த ராஜமையர் இப்பொருளை அறியாதிருந்திருக்க இயலாது.

கதையின் போக்கும் இதற்கு இசைகிறது. மாசற்றவள்மேல் மாசு ஏற்றிக் காணப்படுகிறது. பின்னர் அது விலக்கப்படுகிறது. அதனினும் ஆழமாக, முத்துஸ்வாமி ஐயர் உலகத்தின்மேல் ஏற்றி வைத்திருந்த பற்றுகள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. மகன், செல்வம், உறவு, மனைவி என அவர் இழக்கும் ஒவ்வொன்றும் ஒரு விலக்கமாக அமைந்து, இறுதியில் எஞ்சுவதைக் காணச் செய்கிறது. அமைதியற்ற ஓர் ஆன்மா பல துன்பங்களைக் கடந்து நிறைவடைவதைக் காட்டுவதே கதையின் உள்நோக்கம் என்று ஆசிரியரே தெரிவித்துள்ளார். எனவே பழி என்னும் அபவாதம் கதையின் நிகழ்ச்சியாகவும், விலக்கம் என்னும் அபவாதம் கதையின் முடிபாகவும் நிற்கின்றன. தலைப்பை எழுதியபோது இரண்டாம் பொருளையும் ஆசிரியர் கருதினாரோ இல்லையோ, நூலைச் சார்பாகக் கொண்டு சொல்லை நோக்குவோர்க்கு இரு பொருளும் தோன்றவே செய்கின்றன. முதற்பொருளை ஊர் கற்பிக்கிறது. இரண்டாம் பொருளைத் துன்பம் கற்பிக்கிறது.

இதழாசிரியரும் இறுதி ஆண்டுகளும்

1896 ஜூலையில் விவேகானந்தரின் ஊக்கத்தால் அவருடைய சென்னை அன்பர்கள் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினர். அதன் ஆசிரியப் பொறுப்பு இருபத்துநான்கு வயதினரான ராஜமையரிடம் வந்தது. பல புனைபெயர்களில் அவரே இதழின் பெரும்பகுதியை எழுதினார். வேதாந்தக் கருத்துக்களைக் கதை வடிவில் விளக்கினார். ட்ரூ கிரேட்னெஸ் அல்லது வாசுதேவ சாஸ்திரி என்னும் ஆங்கிலப் புதினமும் அவ்விதழில் தொடராக வந்தது.

இப்பணியிலும் அவர் எதிர்கொண்டது சொல்லின் இடர்ப்பாடே. ஆத்மா, மாயை, கருமம் முதலிய சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. இருப்பதாகக் கொண்டு ஒன்றை எழுதினால் அது வேறு சமயத்தின் பொருளைச் சுமந்துவந்து கருத்தைத் திரித்துவிடும். கதையும் உவமையும் கொண்டு, அச்சொற்கள் வழங்கும் சூழலையே வாசகர்முன் வைப்பது அவர் கைக்கொண்ட வழி. சிறுகுளத்தில் தமிழ்ச் சொல்லுக்குச் செய்ததை அவர் அங்கே வேதாந்தச் சொல்லுக்குச் செய்தார்.

அகத்தில் துறவு நாட்டமும் புறத்தில் இடைவிடா எழுத்துப்பணியுமாக அவ்வாண்டுகள் கழிந்தன. சாந்தானந்த சுவாமிகளைக் குருவாக அடைந்து அவர் வேதாந்த நெறியில் தோய்ந்தார். 1898 மே மாதம், இருபத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். சென்னையில் இதழ் அடுத்த மாதத்தோடு நின்றது. ஆகஸ்டு முதல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலிருந்து அது மீண்டும் வெளிவந்தது. அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் 1905இல் ராம்பிள்ஸ் இன் வேதாந்தா என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன. தமிழில் அவர் எழுதிய புதினம் கமலாம்பாள் சரித்திரம் ஒன்றே. முத்துஸ்வாமி ஐயர் முதுமையில் எய்திய விலக்கத்தை அவரைப் படைத்தவர் இளமையிலேயே எய்திவிட்டார்.

ஊரின் வழிமரபு

வத்தலக்குண்டு ராஜமையரோடு நின்றுவிடவில்லை. மணிக்கொடி இதழோடு பிரியாத் தொடர்புடைய பி.எஸ். ராமையா அவ்வூரில் பிறந்தவர். எழுத்து இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அவ்வூரில் வளர்ந்தவர். கமலாம்பாள் சரித்திரத்தில் ஜல்லிக்கட்டுக் காட்சி ஒன்று உண்டு. அதே விளையாட்டை முழுப்பொருளாகக் கொண்டு செல்லப்பா வாடிவாசல் எழுதினார். 1959இல் வெளிவந்த அச்சிறுநூல், மாடணையும் மறவரின் சொற்களை அடிக்குறிப்பின் உதவியின்றியே தமிழுலகம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. தென்மாவட்டங்களை அறியாத வாசகரும் வாடிவாசல் என்றால் என்ன என்பதைக் காளை வெளிவரும் அந்தக் கணத்தின் பதற்றத்தோடு சேர்த்தே அறிந்தனர். ராஜமையர் தொடங்கிய வழி, அறுபது ஆண்டுகள் கழிந்து, அதே சமவெளியின் மற்றொருவர் கையில் இவ்வாறு தொடர்ந்தது.

அகராதித் துறையும் இவ்வழியை ஏற்றது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்பொருளோடு நின்றுவிடாமல் அச்சொல் வழங்கும் வாக்கியங்களையும் எடுத்துக்காட்டாகத் தந்தது. நிகண்டின் அடுக்குமுறையும் புதினத்தின் சார்புமுறையும் அங்கு ஒருங்கே அமைந்தன.

முடிவுரை

இன்றைய தமிழ் வகுப்பறையிலும் தேர்வுக் கையேட்டிலும் சொற்பொருள் அட்டவணை மீண்டும் முதன்மை பெற்றுள்ளது. பாடப்பகுதியைப் படிப்பதற்கு முன்னரே அருஞ்சொற்பொருளை மாணவர் மனனம் செய்துவிடுகின்றனர். அட்டவணையில் அபவாதம் என்பதற்கு நேரே பழி என்று எழுதிவிடலாம். அவ்வாறு கற்றவர் தேர்வில் தவறமாட்டார். ஆனால் கமலாம்பாள் பட்ட துயர் அவர் அறிந்த பொருளில் இராது. இரண்டாம் பொருள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது.

ராஜமையர் காலத்துக் கிராமப் பேச்சும் வீட்டு வழக்கும் இன்று பெரிதும் மாறிவிட்டன. அவர் நூலில் உள்ள பல சொற்கள் பேச்சிலிருந்து விலகிவிட்டன. அவற்றைத் தொகுத்து அகராதி செய்தல் வேண்டத்தக்கதே. எனினும் அத்தொகுப்பு அவை நிகழ்ந்த வாக்கியங்களோடும் இடங்களோடும் அமையவேண்டும். அன்றேல் அம்மையப்ப பிள்ளையின் நினைவறையைப் போல் சொல் நிறைந்து சார்பற்ற தொகுதியாகவே அது முடியும். இருபத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த ஒருவர் தம் ஒரே தமிழ்ப் புதினத்தின் வழி விட்டுச்சென்ற சொற்களைப் பெறுவதற்கு உரிய வழி, அவர் வைத்த இடத்திலேயே அவற்றைச் சென்று காண்பதாகும்.